மார்கழி மாங்காய்

விவரம் என்று ஒரு கட்டம் இருக்கும்.
அதில் காயின் என்று எழுதாதே,
கிரிப்டோ என்று எழுதவே எழுதாதே,
சொல்லிக்கொடுத்தவன் திம்மராயன்.
அஞ்செட்டிப் பக்கமாம். நேரில் பார்த்ததில்லை.
வீட்டு வாடகை என்று சிலர் போடுவார்கள்,
கைமாற்று என்று சிலர்.
எனக்குச் சந்தூர். நாற்பத்திரண்டு மரம், எல்லாம் பெங்களூரா.
மாங்காய் என்று போடச் சொன்னேன்.

அப்படித்தான் ஐப்பசி அடைமழையில்
எனக்கு மாங்காய் விற்றது.
கார்த்திகையில் விற்றது.
மரமெல்லாம் வெறும் இலையோடு நின்ற மார்கழியில்
ராத்திரி பதினொன்றுக்குமேல்
போர்வைக்குள் போன் வெளிச்சத்தில்
விற்றுத் தீரவில்லை.
என் கணக்கிலிருந்து யாருக்கோ ரூபாய் போகும்,
யாரிடமிருந்தோ டாலர் வரும்,
அது வேறு யாருக்கோ போகும்,
திரும்பி ரூபாயாக வரும்.
சுற்று முடிந்தால் டாலருக்கு இரண்டு ரூபாய் நிற்கும்.
ஒரு மழை கேட்காது, மருந்தடிக்க ஆள் கேட்காது.

ஆப்பில் உள்ள பெயரும்
பணம் அனுப்பியவர் பெயரும் ஒன்றா என்று பார்க்கணும்.
பார்த்தேன், தினமும்.
ஒருநாள் மட்டும் ஆப்பில் ரோஹித் என்றிருந்தது,
பதினெட்டாயிரம் வந்தது புஷ்பாபென் பெயரில்.
அம்மாவாக இருக்கும் என்று நினைத்தேன்.
விடுவித்தேன்.
மொத்தம் ஒரு கொட்டாவி நேரம்.

தை பிறந்து
போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
மூக்கணாங்கயிறு வாங்கி ஸ்கேன் செய்தேன்.
தோல்வி என்றது.
மறுபடி செய்தேன். பின்னால் நின்றவர்
நகருப்பா என்றார்.

பேங்கில் ஹேமலதா மேடம்
திரையை மேலும் கீழும் உருட்டினார்.
"என்னங்க முனிரத்தினம், மார்கழியில என்ன மாங்காய்?"
வடு என்றேன்.
"வடு மாசியிலதான் வரும்.
எங்கப்பாவுக்கும் காவேரிப்பட்டணத்துல தோப்பு இருக்கு."

சூரத்திலிருந்து கடிதமாம்.
கரண்டைத் துண்டித்துவிடுவோம் என்று
யாரோ போனில் மிரட்டி
புஷ்பாபென்னிடம் பிடுங்கிய பதினெட்டாயிரம்
ஏழு கை மாறியிருக்கிறது.
என்னுடையது ஐந்தாவது.
இனி என் கணக்கில் பணம் வரலாம்,
போகக்கூடாது.

அந்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன்.
என் இந்தி லாரிக்காரர்களிடம் கற்றது.
பச்சாஸ் தெரியும், சௌ தெரியும், ஜல்தி தெரியும்.
அவர் நீளமாக ஏதோ படித்தார்,
கடைசியில் நிறுத்தி, "ஆம்?" என்றார்.
ஒத்துக்கொள்கிறாயா என்கிறார்போல என்று
நானும் ஆம் என்றேன்.
போனை வைத்தபிறகுதான் ஞாபகம் வந்தது,
லாரிக்காரர்கள் மாங்காயை அப்படித்தான் சொல்வார்கள்.

எக்ஸ்சேஞ்சில் இன்னும்
இருநூற்றுப் பன்னிரண்டு டாலர் கிடக்கிறது.
காலையில் பச்சை, சாயந்திரம் சிவப்பு.
விற்றால் எந்தக் கணக்குக்குக் கொண்டுவருவது?
பத்மினி தன் பால் சொசைட்டி பாஸ்புக்கைத்
தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள்.
நான் கேட்கவில்லை.
கேட்டால், என்ன விவரம் போடச் சொல்வாய் என்பாள்.

இந்த வருசம் காய்ப்பு பரவாயில்லை.
ஐந்து டன், கிலோ ஏழு ரூபாய்.
கூழ் ஃபேக்டரியில் ரொக்கம் கொடுப்பதை நிறுத்தி
நாலு வருசம் ஆகிறது.
ஆனி மூன்றாம் தேதி மெசேஜ் வந்தது:
வரவு முப்பத்தைந்தாயிரம்.
விவரம் மாங்காய்.

அதிலிருந்து நூறு ரூபாய் எடுக்க முடியவில்லை.
பறித்த ஆட்கள் ஆறு பேருக்குக் கூலி நிற்கிறது,
அதில் சின்னத்தாயி மட்டும்தான் வாய்விட்டுக் கேட்கிறாள்.

ஹேமலதா மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.
"இதாவது நிஜ மாங்காயா?"
சட்டைக் கையை மடித்துக் காட்டினேன்.
காம்புப் பால் தெறித்து
முழங்கைவரை வெந்திருந்தது.
கொஞ்சநேரம் பார்த்தார்.
தேங்காயெண்ணெய் போடுங்க என்றார்.
சூரத்துக் கடிதம் வரட்டும் என்றார்.